விடைகளோடு கேள்விகளையும் கற்பியுங்கள்: தகவல்தொடர்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தொடக்கநிலைத் தகவல்தொடர்பியல் பாடத்தைத் திருத்தி எழுதும் பணியில் நீங்கள் ஈடுபட்டிருக்கிறீர்கள். அதே பாடத்தைக் கல்லூரி மாணவர்களுக்கும், பயிற்சி வகுப்புகளில் பணியில் இருப்போருக்கும் நடத்திவரும் ஆசிரியர் என்ற முறையில் ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். கோட்பாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதோ குறைப்பதோ என் முதன்மை நோக்கம் அன்று. ஒவ்வொரு கோட்பாடும் எந்தக் கேள்விக்கு விடையாக எழுந்தது, எந்த எல்லைக்கு அப்பால் அது செல்லாது என்ற இரண்டையும் கோட்பாட்டோடு சேர்த்தே பாடத்தில் வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இப்போதைய பாடம் விடைகளை வரிசையாக அடுக்கிவிட்டுக் கேள்விகளைக் கைவிட்டுவிடுகிறது. அதனால் மாணவர் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார். கண்ணெதிரே ஓர் உரையாடல் முறியும்போது அதை எந்தக் கோட்பாட்டைக் கொண்டு புரிந்துகொள்வது என்று மட்டும் அவருக்குத் தெரிவதில்லை.

பெரும்பாலான பாடநூல்களின் முதல் இயலில் இருக்கும் படத்திலிருந்தே தொடங்கலாம். இடப்புறம் அனுப்புநர், வலப்புறம் பெறுநர், இடையில் செய்தியைச் சுமந்து செல்லும் தடம், அந்தத் தடத்தைத் தாக்கும் இரைச்சல். இந்தப் படத்தின் மூலவடிவம் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன் 1948-இல் அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் இரு பகுதிகளாக வெளியிட்ட கட்டுரையில் உள்ளது. அவர் முன் இருந்த கேள்வி மிகத் துல்லியமானது: இரைச்சல் உள்ள ஒரு தடத்தின் வழியே, பிழையை வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொண்டு, நொடிக்கு எவ்வளவு தகவலை அனுப்ப முடியும்? செய்திகளுக்குப் பெரும்பாலும் பொருள் உண்டு என்றாலும், அந்தப் பொருளுக்கும் பொறியியல் சிக்கலுக்கும் தொடர்பில்லை என்று அவர் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். மறு ஆண்டு அக்கட்டுரை நூலாக வந்தபோது வாரன் வீவர் அதற்கு ஒரு விளக்கவுரை எழுதினார். குறியீடுகள் எவ்வளவு சரியாகச் சென்று சேர்கின்றன, அவை எண்ணிய பொருளை எவ்வளவு சரியாகத் தருகின்றன, அந்தப் பொருள் எண்ணிய விளைவை உண்டாக்குகிறதா என்று மூன்று நிலைகளை அவர் பிரித்துக் காட்டி, முதல் நிலைக்கான கணிதம் மற்ற இரண்டுக்கும் பெரிதும் உதவக்கூடும் என்று நம்பிக்கை தெரிவித்தார். அந்த நம்பிக்கைதான் நம் பாடநூல்களில் நிறுவப்பட்ட உண்மையாக உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, கணிதவியலாளர் நார்பர்ட் வீனரின் தன்னாள்வியலோடு (சைபர்னெட்டிக்ஸ்) சேர்ந்து பரவிய பின்னூட்டம் என்ற கருத்தையும் அதே படத்தில் ஓர் அம்பாகச் சேர்த்து, மொத்தத்தையும் ஷானனின் பெயரில் எழுதிவிடுகிறோம்.

இது வரலாற்றுப் பிழை என்பதோடு முடிந்துவிட்டால் நான் மடல் எழுதியிருக்க மாட்டேன். அந்தப் படத்தை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொண்டவர், புரிதல் தவறும் இடமெல்லாம் இரைச்சலையே தேடுகிறார். இரைச்சலுக்கு மருந்தாக, சொன்னதையே மறுபடியும், இன்னும் உரக்க, இன்னும் பல வழிகளில் சொல்கிறார். பயிற்சி வகுப்புக்கு வந்த ஒருவர் தம் அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றை எடுத்து வந்திருந்தார். புதிய பணிநேர முறை பற்றிய கருத்துகளை மாதம் 15-ஆம் தேதிக்குள் தெரிவிக்குமாறு அதன் முதல் பத்தி ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த முறை 10-ஆம் தேதி நடைமுறைக்கு வரும் என்று கடைசிப் பத்தி அறிவித்தது. ஒருவரும் கருத்து அனுப்பவில்லை. அறிக்கை சென்று சேரவில்லை போலும் என்று எண்ணிய நிர்வாகம், அதையே மின்னஞ்சலில் மறுபடி அனுப்பி, கைபேசிக் குழுவில் பகிர்ந்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியது. உண்மையில் அறிக்கை முதல் நாளிலேயே சென்று சேர்ந்துவிட்டது. ஊழியர்கள் இரண்டு தேதிகளையும் படித்தார்கள், தங்கள் கருத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்பதையும் சேர்த்தே படித்தார்கள்.

இந்தச் சுற்றறிக்கையை விளக்க ஷானனின் படம் உதவாது. பால் வாட்ஸ்லாவிக்கும் அவருடைய சகாக்களும் 1967-இல் முன்வைத்த கருத்து உதவும். எந்தத் தொடர்பாடலுக்கும் செய்தி என்ற தளம் ஒன்றும் உறவு என்ற தளம் ஒன்றும் உண்டு. இரண்டாவது தளம் முதலாவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தொடர்பாடாமல் இருப்பது மனிதருக்கு இயலாது என்ற அவர்களுடைய புகழ்பெற்ற கூற்றும் அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் குடும்பங்களுக்குள் நடக்கும் உரையாடல்களையும் உளநலச் சிகிச்சையையும் ஆராய்ந்தவர்கள். ஒரே சொல் ஏன் ஒரு வீட்டில் அக்கறையாகவும் இன்னொரு வீட்டில் அதிகாரமாகவும் கேட்கிறது என்பது அவர்களுக்கு அன்றாடக் கேள்வி. தொலைபேசிப் பொறியாளருக்கு அந்தக் கேள்வி எழ வேண்டிய தேவையே இல்லை. இப்படிப் பிறப்பிடம் தெரிந்தால்தான் எந்தக் கருவியை எங்கே எடுப்பது என்று மாணவருக்குத் தெரியும்.

சொல்பவர் தம் சொல் தெளிவாக இருப்பதாக ஏன் எப்போதும் நம்புகிறார் என்பதற்கு ஓர் எளிய ஆய்வைப் பாடத்தில் சேர்க்கலாம். எலிசபெத் நியூட்டன் 1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்தது அது. ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த பாடலின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதி அளவாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் மதிப்பிட்டார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கேட்டவர்கள் கண்டுபிடித்தவை மூன்று. தட்டுபவரின் தலைக்குள் மெட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவரை வந்தடைவதோ வெறும் தட்டல். வகுப்பில் இதை ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். வில்பர் ஷ்ராம் 1954-இல் சொன்ன ‘அனுபவப் புலம்’, அதாவது இருவரின் அனுபவங்கள் ஒன்றையொன்று தழுவும் பரப்பில்தான் பொருள் பகிரப்படுகிறது என்ற கருத்து, பக்கக்கணக்கில் விளக்காமலேயே புரிந்துவிடுகிறது.

ஆனால் ஒரே ஒரு நிகழ்வைத்தான் பாடத்தில் சேர்க்க இடம் உண்டு என்று நீங்கள் சொன்னால், நான் 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபில் நடந்த விமான விபத்தைச் சேர்க்கச் சொல்வேன். அருகிலிருந்த தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் டெனெரிஃபின் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. ஓடுபாதையில் அடர்ந்த மூடுபனி. பாதையின் ஒரு முனையில் டச்சு நிறுவனத்தின் போயிங் 747 புறப்படத் தயாராக நின்றது. அதே பாதையில் அமெரிக்க நிறுவனத்தின் இன்னொரு 747 இன்னும் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. மேலே எழுந்த பின் எந்த வழியில் செல்ல வேண்டும் என்ற அனுமதி டச்சு விமானத்துக்குக் கிடைத்திருந்தது. புறப்படுவதற்கான அனுமதி கிடைக்கவில்லை. துணை விமானி வழியனுமதியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, இறுதியில் ‘நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தொடரைச் சேர்த்தார். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் அதைக் கொள்ளலாம், புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் கொள்ளலாம். கட்டுப்பாட்டாளர் முதற்பொருளைக் கொண்டார். ‘ஓகே’ என்று சொல்லி, சற்று நிறுத்தி, புறப்படக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றார். அதே நொடியில் அமெரிக்க விமானிகள் தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாக வானொலியில் அறிவித்தார்கள். ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோதியதால் டச்சு விமானி அறையில் ‘ஓகே’ மட்டும் தெளிவாகக் கேட்டது. பின்னால் வந்தது கீச்சொலியில் சிதைந்தது. டச்சு விமானம் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்து வந்த உரையாடலைக் கேட்ட விமானப் பொறியாளர், அமெரிக்க விமானம் பாதையை விட்டு விலகவில்லையா என்று தலைமை விமானியைக் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்திச் சொன்னார். பொறியாளர் அதன்பின் பேசவில்லை. அந்த மோதலில் 583 பேர் இறந்தார்கள்.

இந்த ஒரு நிமிட உரையாடலில் குறைந்தது மூன்று வகையான முறிவுகள் இருக்கின்றன. கீச்சொலி ஷானனின் பொருளில் இரைச்சல். அதற்குத் தீர்வு பொறியியலில் உண்டு. துணை விமானியின் தொடர் அப்படிப்பட்டதன்று. அது ஓர் எழுத்துகூடச் சிதையாமல் சென்று சேர்ந்திருக்கிறது. கேட்டவர் தம் எதிர்பார்ப்பைக் கொண்டு அதற்குப் பொருள் நிரப்பினார். உரையாடலில் நாம் சொல்லாததையும் கேட்பவர் ஊகித்து நிரப்பிக்கொள்வார் என்ற ஒத்துழைப்பில்தான் பேச்சே நடக்கிறது என்று தத்துவவாதி பால் கிரைஸ் விளக்கியிருக்கிறார். இங்கே அந்த ஒத்துழைப்பே ஆளைக் கவிழ்த்தது. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைப் புறப்பாட்டு அனுமதியைத் தரும்போதும் திரும்பப் பெறும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்று வானொலிச் சொல்லாட்சி பின்னர் இறுக்கப்பட்டது இதற்கான தீர்வு. மூன்றாவது முறிவு பொறியாளரின் கேள்வியில் இருக்கிறது. அவருடைய ஐயம் சரியானது, அது தலைமை விமானியின் காதிலும் விழுந்தது. ஆனால் எதிரில் இருந்தவர் நிறுவனத்தின் விமானிகளுக்கே பயிற்சி தந்துவந்த மூத்தவர். ஐயம் எச்சரிக்கையாக வராமல் கேள்வியாக வந்தது, ஒரு பதிலோடு அடங்கியும் போனது. 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து வளர்ந்த விமானக் குழு ஒருங்கிணைப்புப் பயிற்சி, இளையவர் மூத்தவரை இடைமறிப்பதையும் மூத்தவர் அதை ஏற்பதையும் கற்றுத்தரத் தொடங்கியது இப்படிப்பட்ட விபத்துகளின் பாடத்தால்தான். மூன்று முறிவுக்கும் மூன்று வேறு கோட்பாடுகள், மூன்று வேறு தீர்வுகள். முதல் இயலின் படத்தை மட்டும் கற்றவர் மூன்றையும் ‘இரைச்சல்’ என்ற ஒரே பெயரில் எழுதி முடித்துவிடுவார். முழு மதிப்பெண்ணும் பெறுவார்.

அடுத்து, பாடத்திலிருந்து ஒன்றை நீக்கும்படி கேட்க வேண்டியிருக்கிறது. தொடர்பாடலில் 7 விழுக்காடு சொல், 38 விழுக்காடு குரல், 55 விழுக்காடு உடல்மொழி என்ற வாய்பாட்டைத்தான் சொல்கிறேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் சகாக்களோடு வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து வந்தவை இந்த எண்கள். ஓர் ஆய்வில் தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கச் செய்தார்கள். மற்றொன்றில் ‘இருக்கலாம்’ என்பது போன்ற நடுநிலையான ஒரே சொல்லின் ஒலிப்பதிவோடு வெவ்வேறு முகபாவனைகளின் நிழற்படங்களைக் காட்டினார்கள். பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டவர்கள் கணிக்க வேண்டும். சொல் ஒன்றும் தொனி ஒன்றுமாக முரண்படும்போது, விருப்பு வெறுப்பைக் கணிக்க மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதே அங்கே கேள்வி. உணர்வையும் மனப்பான்மையையும் பற்றிப் பேசும் சூழல் தவிர வேறெதற்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே விளக்கம் தந்திருக்கிறார். இருந்தும் இந்த வாய்பாடு பயிற்சி வகுப்புகளின் படவில்லைகளில் வட்ட விளக்கப்படமாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது. அது உண்மையானால், எழுத்தில் மட்டும் உள்ள இந்த மடலின் 93 விழுக்காடு உங்களை வந்தடையவே வழியில்லை. இந்த எண்களை வைத்திருப்பதானால், ஓர் ஆய்வு முடிவு அதன் கேள்வியிலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டாக மட்டும் வையுங்கள்.

ஊடகக் கோட்பாடுகள் பகுதியில் நிலைமை சற்று மேல். ஏனெனில் அங்கே ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் கோட்பாடுகள் இயல்பாகவே வரிசையில் வருகின்றன. ஆனாலும் தொடக்கத்தில் ஒரு கட்டுக்கதை நிற்கிறது. ஊடகச் செய்தி தோட்டாவைப் போல் எல்லார் நெஞ்சிலும் ஒரே மாதிரி பாயும் என்று முற்கால அறிஞர்கள் நம்பியதாகவும், 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஒலிபரப்பான செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு வானொலி நாடகத்தைக் கேட்டு நாடே தெருவுக்கு ஓடிவந்தது அதற்குச் சான்று என்றும் எழுதுகிறோம். அந்தப் பீதியைச் செய்தித்தாள்கள் பெரிதும் ஊதிப் பெருக்கின என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ‘தோட்டாக் கோட்பாடு’ என்ற பெயரும், முன்னோரின் கருத்தைத் தாண்டி வந்துவிட்டோம் என்று காட்ட விரும்பிய பின்னோரால் பெரும்பாலும் பரப்பப்பட்டது. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் ஒரே வாக்காளர்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்தபோது, பரப்புரை மனத்தை மாற்றுவதைவிட ஏற்கெனவே உள்ள சாய்வை உறுதிப்படுத்துவதே அதிகம் என்று கண்டார்கள்; செய்தி முதலில் ஊடகத்தை ஊன்றிக் கவனிக்கும் சிலரை அடைந்து அவர்கள் வழியே மற்றவர்களிடம் பரவுகிறது என்ற இருபடிப் பரவல் கருத்து அங்கிருந்து எழுந்தது. அப்படியானால் ஊடகத்துக்கு ஆற்றலே இல்லையா என்ற கேள்வி பிறந்தது. மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 தேர்தலில் சேப்பல் ஹில் நகரில் முடிவெடுக்காத 100 வாக்காளர்களை ஆராய்ந்து 1972-இல் அதற்குத் தந்த விடை, மக்கள் எதை முக்கியம் என்று நினைப்பது என்பதை ஊடகம் தீர்மானிப்பதில் பங்கு கொள்கிறது என்பது. அதே காலத்தில் பிரிட்டனில் ஸ்டூவர்ட் ஹால் கேள்வியையே திருப்பிப் போட்டார். செய்தியை ஆக்கியவர் பதித்த பொருளை அப்படியே ஏற்போர், பேரம் பேசி ஏற்போர், எதிர்த்து வாசிப்போர் என்று மூவகை வாசிப்புகளை அவர் 1973-இல் பிரித்துக் காட்டினார்.

இந்தத் தொடரை வாதப் பிரதிவாதமாகவே கற்பிக்கலாம். இன்று உறவினர் ஒருவர் கைபேசிக் குழுவில் முன்னனுப்பும் செய்தியைப் பார்க்கும் மாணவர், இது இருபடிப் பரவல்தான் என்று உடனே சொல்கிறார். பாதி சரி. ஈரி வட்டாரத்தில் யாருடைய பேச்சு யாரை எட்டுவது என்பதை எந்த நிரலும் வரிசைப்படுத்தவில்லை. இன்றைய சமூக ஊடக ஓடைகளில் அது நடக்கிறது. கோட்பாடு எந்தச் சூழலில் பிறந்தது என்று தெரிந்த மாணவர்தான் இந்த இடத்தில் அதைச் சந்தேகிக்க முடியும். ஊடகத் தேர்வு பற்றிய கோட்பாடுகளிலும் இதே கதைதான். டாஃப்டும் லெங்கலும் 1980-களில் நேர்ப்பேச்சை மிக வளமான ஊடகமாகவும் எழுத்தை வளம் குன்றியதாகவும் வரிசைப்படுத்தினார்கள். போதிய காலம் கிடைத்தால் எழுத்தால் மட்டும் பழகுவோரிடையேயும் நெருக்கம் வளரும் என்று ஜோசப் வால்தர் 1992-இல் வாதிட்டார். முதலாவதை மட்டும் கற்ற மேலாளர் எல்லாவற்றுக்கும் கூட்டம் கூட்டுகிறார்.

பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடல் பற்றிய இயலே எனக்கு மிகவும் கவலை தருவது. மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1950-களில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். அயல்மொழியைச் சரளமாகப் பேசும் தூதர்களும் சென்ற இடத்தில் ஏன் இடறுகிறார்கள் என்பதே அவருக்கு முன் இருந்த நடைமுறைச் சிக்கல். பேசும்போது ஒருவருக்கொருவர் விடும் தூரம், காத்திருக்க வைக்கும் நேரம், வாய்விட்டுச் சொல்வதற்கும் சூழலிடம் விட்டுவிடுவதற்கும் உள்ள விகிதம் ஆகியவற்றை அவர் கவனித்தது அதனால்தான். அவர் 1976-இல் சொன்ன சூழல்சார்பு மிகுந்த பண்பாடு, குறைந்த பண்பாடு என்ற வேறுபாடு கூர்ந்த கவனிப்பின் பயன். நாடுகளை அளந்து பெற்ற தரவரிசை அன்று. டச்சு சமூக உளவியலாளர் ஹாஃப்ஸ்டெட் அளந்தார். ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டிய ஏறத்தாழ 1,16,000 வினாத்தாள்களிலிருந்து அதிகார இடைவெளி (அதிகார ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பது), தனிமனிதச் சார்பு போன்ற பரிமாணங்களை வகுத்து 1980-இல் வெளியிட்டார். அவை நாட்டுச் சராசரிகள், தனி மனிதரை எடைபோட அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே சொல்லலாமா என்ற மறுப்பும் நெடுங்காலமாக இருக்கிறது. நம் பாடத்தில் இவை எதுவும் இல்லை. நாட்டின் பெயரும் அதற்கு எதிரே ஓர் எண்ணும் கொண்ட அட்டவணை மட்டும் இருக்கிறது. அதைப் படித்து முடித்த மாணவர், வேற்று நாட்டுச் சக ஊழியர் வாயைத் திறக்கும் முன்பே அவரை முடிவு செய்துவிடுகிறார். பண்பாடுகளைப் புரிந்துகொள்ள எழுதப்பட்ட இயல், மனிதரைக் கவனிக்காமல் இருப்பதற்குச் சாக்காகிவிடுகிறது.

அந்த அட்டவணையின் இடத்தில் மொழி ஆய்வாளர்களான பிரவுனும் லெவின்சனும் 1978-இல் வெளியிட்ட பணிவுக் கோட்பாட்டை வைக்கலாம். முகத்தாட்சண்யம் என்று நாம் அன்றாடம் சொல்வதற்கு மிக நெருக்கமான ஒன்றை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒருவரிடம் உதவி கேட்பதும் அவரை மறுப்பதும் அவருடைய முகத்துக்கு ஊறு செய்யக்கூடியவை. இருவருக்கும் உள்ள இடைவெளி, அதிகாரம், கேட்கும் காரியத்தின் சுமை ஆகியவற்றைப் பொறுத்து அந்தப் பாதிப்பை மென்மைப்படுத்த மக்கள் சுற்றிவளைக்கிறார்கள் என்றார்கள். ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால் மொழி, தமிழ் ஆகிய மூன்றின் பேச்சுத் தரவுகளை அடிப்படையாகக் கொண்டு எழுந்த கோட்பாடு அது என்பது நம் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. நான் பார்த்த எந்தப் பாடநூலும் அதைச் சொல்லவில்லை. ஜப்பானிய, சீன மொழி அறிஞர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். தனிமனிதரின் சுதந்திரத்தைக் காப்பதைவிடக் குழுவில் தனக்குரிய இடத்தை அறிந்து பேசுவதே தங்கள் மொழிகளில் பணிவு என்பது அவர்களின் வாதம். அந்த மறுப்பையும் சேர்த்துத்தான் அது பாடமாக வேண்டும். டெனெரிஃபின் விமானப் பொறியாளர் எச்சரிக்கையைக் கேள்வியாக்கியதை இந்தக் கோட்பாடு அட்டவணையைவிட நன்றாக விளக்கும். விமானி அறையில் இருந்த மூவரும் ஒரே நாட்டின் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள், அந்த நாடு அதிகார இடைவெளி குறைந்தது என்று அட்டவணை சொல்லும் நாடு.

இவ்வளவையும் சேர்த்தால் பாடம் நீண்டுவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நீளும். அதை ஈடுகட்ட, எந்த வாதத்திலும் பங்கு பெறாத, பெயரளவில் மட்டும் வந்துபோகும் மாதிரிகளைப் பாதியாகக் குறைத்துவிடலாம். தொடர்பாடலுக்கு எட்டுத் தடைகள், பத்து நெறிகள் என்ற பட்டியல்களை முற்றிலும் நீக்கிவிடலாம். யாரும் அவற்றைத் தேடி வரப்போவதில்லை.

தேர்வுத்தாள் மாறாமல் பாடம் மாறாது என்பதும் உங்களுக்குத் தெரியும். ‘ஷானன்-வீவர் மாதிரியைப் படத்துடன் விளக்குக’ என்ற பத்து மதிப்பெண் வினாவுக்குப் பதிலாக, நான் மேலே சொன்னது போன்ற ஒரு சுற்றறிக்கையையோ ஒரு வானொலி உரையாடலின் எழுத்துப்படியையோ தாளில் அச்சிட்டு, எந்த வரியில் புரிதல் முறிந்தது, அதை விளக்க எந்தக் கோட்பாட்டைத் தேர்ந்தீர்கள், நீங்கள் படித்தவற்றுள் எது இங்கே பொருந்தாது, ஏன் என்று கேளுங்கள். விடைத்தாள் திருத்துவோருக்கு வேலை கூடும், ஒரே சரியான விடை இருக்காது என்பதால் மதிப்பெண் வழிகாட்டி ஒன்றையும் எழுத வேண்டியிருக்கும். அப்படியான மாதிரி வினாக்கள் சிலவற்றையும் அவற்றுக்கு மாணவர்கள் எழுதிய விடைகளையும், பெயர்களை நீக்கி, குழு கேட்கும்போது அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தொடக்கநிலை வகுப்புகளை நடத்திவரும் ஓர் ஆசிரியர்